எல்லாத் தூணும் தொங்கும் தூண்

தர்மபுரி கோட்டை மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயிலின் பெருமையே, அடி தரையைத் தொடாமல் நிற்கும் தொங்கும் தூண்கள்தான். கல்லில் அதைச் சாதிக்கச் சிற்பி என்ன பாடுபட்டாரோ! பள்ளிக் கண்காட்சிக்காக அப்பாக்கள் அட்டையில் செய்யும் கோயிலில் (பிள்ளையின் வேலை, பெயர்ச்சீட்டு ஒட்டுவது) மறுநாள் காலை எல்லாத் தூணுமே தொங்குகின்றன. அடியட்டை அப்பளமாகச் சுருண்டிருக்கும்.

"எல்லாம் இந்த வெயிலாலதாங்க" என்பார்கள். பாவம், வெயில். வெள்ளைப் பசையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஒரு பக்கம் மட்டும் தடவினால் அந்தப் பக்கத்து நார் ஊறி விரியும். காயும்போது சுருங்கி அட்டையையே இழுத்துக்கொள்ளும். மறுபக்கத்திலும் அதே பசையில் ஒரு தாளை ஒட்டி, சமதளத்தில் பாரம் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டால் இழுப்பு சமமாகும். பாரத்துக்குப் போட்டித்தேர்வு வழிகாட்டிகள் உத்தமம். வீட்டில் அவற்றை வேறெதற்கும் எடுப்பதில்லை. அவசரப்பட்டு இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், தெர்மோகோல் கோபுரம் உருகிவிடும்.

நடுவர் வருவதற்குள் நிமிர்த்திவிட்டால் முதல் பரிசு உங்களுக்குத்தான், சார். சான்றிதழில் மட்டும் பிள்ளையின் பெயர் இருக்கும்.