நீ தாய்மாமனா, ஒரு இலை மிச்சமா?

வா பேராண்டி, இப்படி உக்காரு. பாகிஸ்தான்காரனோட இனிமே எந்த ஊர்லயும் எந்த ஆட்டமும் ஆடக் கூடாது, மீறி ஆடுனா டிவியப் போடக் கூடாதுன்னு டீக்கடையில தீர்மானம் போட்டுட்டு வந்திருக்கியாமே. நல்லது. வயசுப் பிள்ளைக்கு ரோசம் வேணும். ஆனா கையெழுத்துப் போட்டவுகள்ல பாதிப் பேரு கிரிக்கெட்டே பாக்காதவுகன்னு டீ ஆத்துதவன் சொல்லுதான். அவுக பேரை அடிச்சிரு. பாக்காத ஆட்டத்தை விட்டுக் குடுக்கதுக்குத் தியாகம்னு பேரு வெச்சா, நானும் விமானத்துல போறதை விட்டுக் குடுத்தவன்தான்.

நம்ம கிரிக்கெட் வாரியத்துக்கிட்ட பாடம் படிக்கணும்லே நீ. 2025 ஏப்ரல்ல பஹல்காம்ல சுற்றுலா போனவுகளைத் தீவிரவாதிக சுட்டுக் கொன்னாக. நாடே கொதிச்சுக் கெடந்துச்சு. செப்டம்பர்ல துபாயில ஆசியக் கோப்பை. ஆடாதேன்னு ஒரு கூட்டம், ஆடுன்னு ஒரு கூட்டம். வாரியம் என்ன செஞ்சுச்சு? ரெண்டு கூட்டத்தையும் திருப்தியா அனுப்பி வெச்சுச்சு. ஆடுனாக, ஒண்ணில்ல, மூணு ஆட்டம். மூணுலயும் செயிச்சாக. ஆனா கை குடுக்கலே. பாகிஸ்தான் மந்திரியா இருந்தவரே ஆசிய கிரிக்கெட் கவுன்சில் தலைவராவும் இருந்தாரு. அவரு கையால கோப்பை வாங்க மாட்டோம்னுட்டாக. டிக்கெட் காசு கை மாறுச்சு, விளம்பரக் காசு கை மாறுச்சு, குலுக்க வேண்டிய கை மட்டும் நீளலே. பந்தியில உக்காந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுட்டு, தாம்பூலப் பையி வேண்டாம்னு முறைச்சுக்கிட்டு வந்த மாதிரி.

கோவத்துக்கு என்ன விலைன்னு கல்யாண வீட்டுலதான் தெரியும். தாய்மாமன் கோவிச்சுக்கிட்டு வீட்டுலயே படுத்துட்டாருன்னா மாலை எடுத்துப் போட ஆளில்லே. முகூர்த்தம் தவறீரும்னு பொண்ணோட அப்பன் ராத்திரியோட ராத்திரியாப் போயி கதவைத் தட்டுவான், கால்லகூட விழுவான். மூணாம் பங்காளி கோவிச்சுக்கிட்டு வரலேன்னா? சமையக்காரன்கிட்ட ஒரு இலை மிச்சம்பாக. அம்புட்டுத்தான் சங்கதி. கோவம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆட்டத்துக்கு வர மாட்டேன்னு கிளம்புத நாட்டுக்காரனுகள்ல முக்காவாசிப் பேரு, தான் எந்த ரகம்னு பாக்காமலே கிளம்புதான்.

அமெரிக்கப் பிரசிடெண்டு கார்ட்டர் தன்னைத் தாய்மாமன்னே முடிவு கட்டிட்டாரு. 1979 டிசம்பர் கடைசியில ரஷ்யாக்காரன் ஆப்கானிஸ்தானுக்குள்ள பட்டாளத்தை எறக்கிட்டான். மறு வருசம் ஒலிம்பிக்ஸ் மாஸ்கோவுல. ஒரு மாசத்துல வெளியேறு, இல்லேன்னா நாங்க வர மாட்டோம்னு ஜனவரியில கெடு வெச்சாரு. பிப்ரவரி 20 கெடு. இதுல வேடிக்கை கேளு. அதே பிப்ரவரியில குளிர்கால ஒலிம்பிக்ஸ், அமெரிக்காவுல லேக் பிளாசிடுங்கிற ஊர்ல. ரஷ்யாக்காரன் ஜம்முனு வந்து எறங்குனான். பத்துத் தங்கத்தை அள்ளிக்கிட்டும் போனான். எங்க வீட்டுக்கு நீ வா, ஒங்க வீட்டுக்கு நாங்க வர மாட்டோம்னு ஒரு கோவம்! கெடு முடிஞ்ச ரெண்டாம் நாள், பனி ஆக்கியில அமெரிக்கக் காலேஜுப் பையன்க ரஷ்யாவைத் தோக்கடிச்சாக. இன்னைக்கு வரைக்கும் அதை அற்புதம்னு கொண்டாடுதாக. எதிர்ல நின்னு ஆடுனதுனால கெடைச்ச பெருமை அது. அந்தச் சூடு ஆறதுக்குள்ள, ஓட்டக்காரனையும் நீச்சக்காரனையும் கூப்பிட்டு, நீ ஆடாம இருக்கதுதான் தேசபக்தின்னாக.

ஆள் சேக்கணும்லா? குத்துச்சண்டை முகம்மது அலி அப்ப இந்தியாவுக்கு வந்திருந்தாரு. மெட்ராஸுல எம்.ஜி.ஆர். முன்னால கையுறை மாட்டிக் காட்டுனாரு, ஊரே தெரண்டு போய்ப் பாத்துச்சு. அவரை அப்படியே ஏரோப்பிளேன்ல ஏத்தி ஆப்பிரிக்காவுக்குத் தூது அனுப்பிட்டாரு கார்ட்டர். தான்சானியா அதிபர் நைரேரேக்கு ஒரே கடுப்பு. அரசாங்க விசயம் பேச ஆட்டக்காரனையா அனுப்புவாகன்னு பாக்கவே மாட்டேன்னுட்டாரு. பத்திரிகைக்காரங்க அலியச் சுத்தி நின்னு கேட்டாக: நாலு வருசத்துக்கு முன்னால, தென்னாப்பிரிக்காவோட நியூசிலாந்து ரக்பி ஆடுனதுக்காக நாங்க இருவது முப்பது நாடு மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸை விட்டு வெளியேறுனோமே, அப்ப ஒங்க அமெரிக்கா எங்கன போயிருந்துச்சு? அலிக்குப் பதில் தெரியலே. அப்படி ஒண்ணு நடந்ததே அவருக்கு யாரும் சொல்லி அனுப்பலே. தான்சானியா மாஸ்கோவுக்குப் போச்சு. மாண்ட்ரியல்ல ஓட முடியாமப் போன பில்பர்ட் பாயி அங்கன வெள்ளிப் பதக்கம் வாங்குனாரு.

மாஸ்கோவுல 80 நாடு கலந்துக்கிட்டுச்சு. இங்கிலாந்துல தாட்சர் அம்மா போகாதேன்னு சொல்லியும் கேக்காமப் போயி, ஓட்டக்காரங்க கோவும் ஓவெட்டும் ஆளுக்கொரு தங்கம் கொண்டாந்தாக. எல்லாத்துலயும் பெரிய கூத்து என்னன்னா, யாருக்காக இம்புட்டுப் பேரு வீட்டுல உக்காந்தாகளோ, அந்த ஆப்கானிஸ்தானும் கொடி பிடிச்சுக்கிட்டு மாஸ்கோவுல நடந்துச்சு. ரஷ்யா உக்கார வெச்ச அரசாங்கம் அனுப்புன அணி, வேற எப்படி இருக்கும்? பட்டாளம் வெளியேறுனது 1989ல. அதுவும் ஒலிம்பிக்ஸ் மெடல் கொறைஞ்சு போச்சேங்கிற வருத்தத்துல இல்லே.

கார்ட்டர் ரஷ்யாவுக்குப் போற கோதுமையையும்தான் நிறுத்துனாரு, அதைச் சொல்லாம விட்டா பாவம். அவுக ஊரு விவசாயி கத்துன கத்துல, பொறவு வந்த ரீகன் 1981ல தடைய எடுத்துட்டாரு. கோதுமை திரும்பவும் கப்பலேறுச்சு. ஆனா அமெரிக்க அணியில எடம் பிடிச்சு, போக முடியாம நின்னாகளே நானூறு பேருக்கு மேல, அவுக வயசு எந்தக் கப்பல்லயும் திரும்பி வரலே. ஓட்டக்காரனுக்குச் சங்கம் இல்லே, ஓட்டும் இல்லே. அதனாலதான் மொதல்ல அவன் தலையில கை வெக்காக.

1984ல லாஸ் ஏஞ்சலீஸுக்கு நாங்க வரலேன்னு ரஷ்யா பதில் மொறை செஞ்சுச்சு, கூட்டாளிகளோட சேத்து 14 நாடு. அமெரிக்காவுக்கு நட்டமா? 83 தங்கம்! அழுதது மெக்டொனால்ட்ஸ் ஓட்டல்காரன் மட்டும்தான். அமெரிக்கா செயிச்சா பர்கர் சும்மான்னு சீட்டுக் குடுத்திருந்தான்; போட்டிக்கு ஆளில்லாம தங்கமாக் கொட்டுனதுல ஓசிப் பர்கர் குடுத்தே ஓஞ்சு போனான். ரஷ்யாவோட கோவத்தால அமெரிக்கப் பெருமுதலாளிக்கு விழுந்த ஒரே அடி அது. அந்தக் கூட்டத்துல சொல்பேச்சுக் கேக்காம வந்த ருமேனியா இருவது தங்கத்தோட ஊருக்குப் போச்சு.

அப்ப புறக்கணிப்பே வெட்டி வேலையான்னு மொகத்தைத் தூக்காதே. தென்னாப்பிரிக்காக் கதை இருக்கு. அது வேற.

அங்கன வெள்ளைக்காரனுக்கு ரக்பியும் கிரிக்கெட்டும் சோத்தை விட முக்கியம். கேப்டவுன்ல பொறந்த டி'ஒலிவேராங்கிற கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு, தோல் வெள்ளையில்லேன்னு சொந்த நாட்டு அணியில எடம் கெடையாது. இங்கிலாந்துக்குப் போயி அந்த நாட்டுக்கு ஆடுனாரு. 1968 ஆகஸ்டுல ஓவல் மைதானத்துல 158 அடிச்சாரு. அந்த அணி தென்னாப்பிரிக்காவுக்குக் கெளம்பணும். மொதல்ல இவரை நைசாக் கழட்டி விட்டாக; ஊர் ஏசுச்சு; இன்னொருத்தருக்குக் காயம்னதும் சேத்துக்கிட்டாக. இவரு வாரதா இருந்தா அந்த அணியே வேண்டாம்னுட்டாரு தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர். ரெண்டு வருசம் கழிச்சு, 1970ல, அவுக இங்கிலாந்துக்கு வர இருந்த பயணத்தையும் மாணவப் பிள்ளைக போராடி நிறுத்திட்டாக. அதே வருசம் ஒலிம்பிக் சங்கத்துலேருந்தும் வெளியே தள்ளியாச்சு. இதுல அந்த நாட்டுக்காரன் வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்னு நெனச்சுப் பாரு. அப்பத்தான் ஆஸ்திரேலியாவை 4-0ன்னு வழிச்சுப் போட்டிருந்தாக. போலக் 274 அடிச்சிருந்தாரு. பேரி ரிச்சர்ட்ஸ்னு ஒரு மகா ஆட்டக்காரரு, அவரு வாழ்க்கையிலயே ஆடுனது நாலே டெஸ்ட்டு. அடுத்த டெஸ்ட்டு அவுகளுக்கு 1992லதான். ஒரு தலைமொறையே நரைச்சுப் போச்சு.

ஏன் அங்கன மட்டும் வலிச்சுச்சு? ரெண்டு வாரம் வீட்டுல இருந்துட்டு மூணாவது வாரம் சிரிச்சுக்கிட்டுப் போய் நிக்கலே. இருவது வருசம் விடலே. காசுக்கு ஆசைப்பட்டு 1982ல இலங்கையிலேருந்து ஒரு கூட்டம் போச்சு. 25 வருசம் தடைன்னு அவுக வாரியம் போட்டுச்சு பாரு ஒரு போடு. இன்னொண்ணும் இருக்கு. வராதீக, இவனுகளோட ஆடாதீகன்னு கேட்டதே அங்கன மிதிபட்டுக் கெடந்தவுகதான். வெளிநாட்டுல இருந்துக்கிட்டு அந்தப் போராட்டத்தை நடத்துனவரு டர்பன்ல பொறந்த சாம் ராம்சாமி. பேரு எங்கயோ நம்ம தெருவுல கேட்ட மாதிரி இருக்கா? 1992ல பார்சிலோனா ஒலிம்பிக்ஸுக்குப் புது அணியைக் கூட்டிக்கிட்டுப் போனதும் அவருதான்.

அதுக்காக, பந்தை நிறுத்துனதும் நிறவெறி படுத்துருச்சுன்னு மேடையில பேசிராதே. உள்ளுக்குள்ள சனங்க செத்துப் போராடுனாக. 1985ல அமெரிக்க பேங்குக்காரன் கடனைப் புதுப்பிக்க மாட்டேன்னு கையை விரிச்சான், அங்கன ஆட்டம் கண்டுச்சு. பேங்குக்காரன் அடி மந்திரிக்கு வலிக்கும், மைதானத்து அடி சாதாரண வெள்ளைக்காரனுக்கு ஞாயித்துக்கிழமை தோறும் வலிக்கும். ரெண்டும் சேந்து விழுந்துச்சு. நம்ம நாடு தென்னாப்பிரிக்காவோட வியாபாரத்தை 1946லயே நிறுத்திருச்சு, சுதந்திரம் வாரதுக்கு முன்னாலயே. சரக்கை நிறுத்துனவன் பொறவு பந்தையும் நிறுத்தலாம், கேக்கதுக்கு நியாயம் இருக்கு. சரக்குக் கப்பலைப் போக விட்டுட்டு பந்தை மட்டும் நிறுத்துதவனைப் பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

1974ல டேவிஸ் கோப்பை டென்னிஸ் பைனலுக்கு இந்தியா போயிருச்சு. மெட்ராஸுப் பையன்க, விஜய் அமிர்தராஜும் ஆனந்தும், ஆஸ்திரேலியாவையும் ரஷ்யாவையும் தோக்கடிச்சு வந்து நிக்காக. எதிர்ல தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம்னுட்டாக. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போச்சு, பொஸ்தகத்துல இன்னைக்கும் அவுக பேருதான் இருக்கு. நம்மகிட்ட அந்தக் கோப்பை இதுவரைக்கும் வரலே. கைக்கு எட்டுனதை விட்டுட்டு வந்த அந்தக் கோவத்துக்கு நான் எந்திரிச்சு நிப்பேன்.

ஆனா ஆறு வருசம் கழிச்சு மாஸ்கோவுக்கு நாம போனோம்லா? ஆக்கி ஆட பாகிஸ்தான் வரலே, மேற்கு செருமனி வரலே, ஆஸ்திரேலியா வரலே. மொத்தமே ஆறு அணி. தான்சானியாவை 18-0ன்னு அடிச்சோம், பைனல்ல ஸ்பெயினை 4-3. கேப்டன் நம்ம பாஸ்கரன். ஒலிம்பிக்ஸ் ஆக்கியில நமக்குக் கெடைச்ச கடைசித் தங்கம் அதுதான். ஆக்கி ஊரான நம்ம கோவில்பட்டியில இருந்துக்கிட்டு அந்தத் தங்கத்தை வேண்டாம்னு சொல்லிப் பாரு, ஒனக்கு டீ கெடைக்காது. 74ல போகாதது சரின்னா 80ல போனது சரியா? இதையும் ஒன் தீர்மானத்துல எழுதிக்கோ. எட்டுப் பேரு கூடுன எடத்துல பத்துப் பதில் வரும்.

அதுவரைக்கும் ஒன் கையில இருக்கதைச் செய்யி. ஒன் பேச்சுக்கு வாரியம் காது குடுக்கப் போறதில்லே, அங்கன நீ ஒரு இலைகூட இல்லே. ஆனா போன மாசம் ஆயிரத்து எண்ணூறு குடுத்து ஒரு நீலச் சட்டை வாங்குனியே, முதுகுல நம்பர் போட்டது? அது ஒன் சொந்தக் காசு. அதைக் கொண்டா. மக்காச்சோளக் காட்டுல ராத்திரியானா பன்னி எறங்குது, வெருளிக்குப் போட நல்ல சட்டை இல்லாம நிக்கேன். என்னலே, மூஞ்சி சுண்டிப் போச்சு?