சுழி பாக்குற பேராண்டிக்கு

எய்யா பேராண்டி, கயித்துக்கட்டில்ல காசைப் பரப்பி லென்சும் கையுமா உக்காந்திருக்கியே, பாக்கப் பெருமையா இருக்கு. இதே வேப்பமரத்தடியில நான் பருத்திக்கொட்டை பொறுக்குனேன். நீ காசு பொறுக்குத. குடும்பம் முன்னேறிட்டு.

சந்தையில மாடு பிடிக்கப் போனா, முதல்ல பல்லு, அப்புறம் சுழி. சுழி ஒரு விரக்கடை தள்ளி இருந்தா விலை பாதியாயிரும். காசுக்கும் சுழி உண்டுய்யா. வருஷத்துக்குக் கீழே கெடக்கும், எந்த ஊரு அக்கசாலையில அடிச்சதுன்னு சொல்லும். வைரக்கட்டம் இருந்தா பம்பாய், நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், வட்டப்பொட்டு இருந்தா நொய்டா. கல்கத்தாக்காரன் ஒண்ணும் வைக்க மாட்டான். நமக்கு அடையாளம் என்னத்துக்குன்னு இருப்பான் போல. நேத்து நீ “நொய்டா தாத்தா”ன்னு ஒரு காசை நீட்டினியே, நகத்தால சுரண்டினேன், பொட்டு கையோட வந்துட்டு. அது கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பாகு.

வெள்ளைக்காரன் இந்த விளையாட்டுல பெரிய ஆளு. 1840ன்னு போட்ட ராணி ரூபாயில ஓரத்து இலைமாலையை லென்சு வச்சுப் பாரு. இலைக்கு நடுவுல குட்டிக் குட்டியா காய் தெரியும். எண்ணிக்கிட்டே வந்தா ஒண்ணுல 19, ஒண்ணுல 20. 28, 34, 35ன்னும் உண்டு. காய் எண்ணிக்கையை வச்சுத்தான் ரகம் பிரிக்காங்க. நம்ம புஞ்சையில காய்ச்சதை எண்ண ஆளில்ல, காசுல காய்ச்சதை எண்ண எத்தனை பேரு பாரு. இன்னொண்ணு, 1862ன்னு போட்ட ரூபா. வருஷத்தை மாத்தாம 1874 வரைக்கும் அதையே அடிச்சான். பம்பாய் அக்கசாலையில மட்டும் பொட்டைக் கூட்டிக் குறைச்சு எந்த வருஷத்து அடின்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. உங்க ஆச்சியும் அறுபது வயசைப் பன்னெண்டு வருஷம் சொன்னா. பொட்டுதான் வைக்கல.

1911 ரூபாயில அஞ்சாம் ஜார்ஜ் அங்கியில யானைன்னு நினைச்சு ஒண்ணைச் செதுக்கிட்டான். தும்பிக்கை குட்டை. பாத்தவுக பன்னின்னுட்டாங்க. முஸ்லிம் மக்கள் மனசு சங்கடப்பட, மறு வருஷமே தும்பிக்கையை இழுத்துவிட்டு வேற அச்சு போட்டான். இன்னைக்கு அந்தப் பன்னிக்குத்தான் கிராக்கி.

இதெல்லாம் இருக்கட்டும். நம்ம ஊரு நியாயத்தைக் கேளு. பத்து ரூபாக் காசுல ஓரத்துல 15 கோடு இருக்கிறதும் உண்டு, 10 கோடு இருக்கிறதும் உண்டு. 2011ல ரூபாய்க் குறி வந்தப்போ அச்சு மாறுச்சு, அம்புட்டுத்தான். நம்ம சனம் என்ன செஞ்சுது? 15 கோடு போலி, குறி இல்லாதது செல்லாதுன்னு தள்ளிட்டு. பஸ்சுல நீட்டினா கண்டக்டரு என் மூஞ்சியைத்தான் மேலயும் கீழயும் பாக்காரு. இதுவரைக்கும் 14 டிசைன் விட்டிருக்கோம், எல்லாம் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலயே சொல்லிட்டு. யாரு கேட்டா?

கேளு கூத்தை. பத்து ரூபாக் காசை வாங்க மாட்டேன்னு தள்ளுன அதே ஆளு, வைஷ்ணோ தேவி படம் போட்ட பத்து ரூபாக் காசுக்குப் பத்து லட்சம் தாரேன்னு எவனோ போன்ல சொன்னதும், பதிவுக் கட்டணம்னு ஆயிரக்கணக்குல கட்டிட்டு வந்து நிக்காரு. பழைய காசு, நோட்டு வாங்குறதுல விக்குறதுல எங்க பேரைச் சொல்லிக் கமிஷன் கேட்டா நம்பாதீங்கன்னு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டுல எச்சரிச்சிருக்கு. அதை அவருகிட்டச் சொன்னேன். “பெரியவரே, உமக்கு இண்டர்நெட்டு தெரியுமா”ங்காரு. செல்லுற காசைச் செல்லாதுங்கான், சும்மா கெடக்குறதை லட்சங்கான். ஊரு பேரு மட்டும் எப்போதும்வென்றான்!

உனக்கு ஒரு யோசனை சொல்லுதேன், கேட்டுக்கோ. பழைய காசு கிடைச்சா புளியும் சாம்பலும் போட்டு நல்லா விளக்கு, பளபளன்னு வரும். யாவாரி பாத்துட்டுப் பாதி விலைக்குக் கேப்பான். உன் பங்குக்கு ஒரு தொழிலாளிக்குப் பிழைப்புக் கொடுத்த புண்ணியம் சேரும். புண்ணியம் வேண்டாம்னா, கழுவாம துணியில பொதிஞ்சு வை. ஆச்சி தாலிச்சரட்டுல கோத்திருந்த ராணி காசை மட்டும் யாருகிட்டயும் காட்டாதே. கோக்குறதுக்குன்னு ஆசாரி வளையம் பத்தவச்சுட்டான், அதுக்கு வெள்ளி விலைதான். காசா அது, அவ கழுத்துச் சூடு.

நேரமாச்சு, எந்திரி. அந்தப் 15 கோட்டுக் காசை எடு, ரெண்டு டீ குடிச்சிட்டு வருவோம். கடைக்காரன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்.