படம் போடற பையன்

கணியூர் பஸ் ஸ்டாப்பில் மார்ச் மாதத்துக் காலையில் போய் நின்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. கண்ணில் தூக்கம், நெற்றியில் மூன்று கோயில் திருநீறு, கையில் கைடு. உதடு மட்டும் எதையோ ஜபித்துக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவன் கைடைத் தலைகீழாகப் பிடித்திருப்பான். பின் அட்டையின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறதல்லவா, அதில் எதிர் டீக்கடைப் பெஞ்சில் இருக்கும் பெரியவரின் உருமால் பாதி ஏறியிருக்கும். பெரியவர் டீயை முடித்துவிட்டு எழுந்துவிடுவாரோ என்பதுதான் அவனுடைய அன்றைய பரீட்சைப் பயம்.

வருகைப் பதிவேட்டில் இவனுக்கு இனிஷியலோடு ஒரு பெயர் உண்டு. ஊருக்கு அது தெரியாது. "படம் போடற பையன்" என்று கேளுங்கள். மடத்துக்குளம் ரோட்டிலிருந்து அமராவதி ஆற்றங்கரை வரைக்கும் வழி சொல்லுவார்கள். காரத்தொழுவிலும் கடத்தூரிலும் ஒவ்வொருத்தன் இருக்கிறான். எல்லா ஊருக்கும் ஒருவன் விதிக்கப்பட்டிருக்கிறான்.

ஊர் அவனை வேலை வாங்குகிற அழகே தனி. பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்பு அவன் பொறுப்பு. ஒரு கொம்புக்குப் பச்சை, மறு கொம்புக்குச் சிவப்பு என்று அடித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை இவன். கொம்பின் வளைவுக்குத் தக்கபடி அடியில் அழுத்தமாகவும் நுனியில் வெளிறியும் வண்ணத்தை இழைப்பான். மாடு தலையைச் சிலுப்பினால், "ஆடாத நில்லு, இன்னொரு கோட்டிங் இருக்குது" என்று அதட்டல் வேறு. காதுகுத்து, சீர் என்றால் தெர்மாகோல் எழுத்து. புது டூவீலர் என்றால் நம்பர் பிளேட். கரும்பு டிராக்டரின் பின்பக்கம் குலதெய்வத்தின் பெயர், அதற்கு இரண்டு பக்கமும் மயில். தேர்தல் வந்தால் சுவர். கட்சி பேதம் பார்க்காத ஒரே தொண்டன் அவன்தான்: இலைக்கு நடுநரம்பு, கிளை நரம்பு எல்லாம் தாவரவியல் சுத்தமாக ஓடும்; சூரியனுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் மலையில் நிழல் விழும். இரண்டு கட்சிக்காரர்களும் வந்து, "தம்பி, சீக்கிரம் முடி, நாளைக்குத் தலைவர் வர்றார்" என்று திட்டிவிட்டுப் போவார்கள்.

கூலி எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான். "நல்லாயிரு சாமி."

இதே ஊர்தான் பிப்ரவரி பிறந்ததும் திடீரென்று பள்ளிக்கல்வித் துறையாக மாறிவிடுகிறது. "ஏஞ்சாமி, பரிச்சைய வெச்சுக்கிட்டுப் படம் போட்டுட்டு உக்காந்திருக்கறயா?" என்று கேட்கிற அதே அக்கா, பத்தடி போனவர் திரும்பி வந்து, "அதுக்கு முன்னாடி இந்தப் பால் கேன்ல எம்பட பேர மட்டும் எழுதிக் குடுத்துரு கண்ணு, மாறி மாறிப் போயிருது" என்பார்.

பள்ளிக்கூடமும் அவனை ஆறு மாதம் கொஞ்சும், ஆறு மாதம் கொட்டும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. மாநில அளவில் ஜெயித்தால் கலையரசன், கலையரசி என்று பட்டம். திருவிழாச் சமயத்தில் இவன் பள்ளியின் சொத்து. வகுப்பு நேரத்திலேயே, "போய் வரைஞ்சு பழகு" என்று அனுப்புவார்கள். திருப்புதல் தேர்வு தொடங்கிய அன்று அதே ஸ்கெட்ச் புத்தகம் பறிமுதல் ஆகி ஆசிரியர் அறை பீரோவுக்குப் போகும். மதிய இடைவேளையில் ஆசிரியர்கள் அதைப் புரட்டிப் பார்த்து, தங்கள் படம் இருக்கிறதா என்று தேடுவார்கள் என்பது வேறு விஷயம். மூக்கு பெரிதாக இருந்தால் பறிமுதல் நீடிக்கும்.

அவனுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் பகுதிநேர ஆசிரியர். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கென்று 16,000-க்கு மேற்பட்டவர்களை அரசு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை. அதாவது, பையனுக்குக் கை திருந்தி வருகிற வயதில் ஓவிய வகுப்பு முடிந்துவிடும். அந்த அரைநாளிலும் பாதியைக் கணக்கு ஆசிரியர் கடன் கேட்பார். ஓவியப் பீரியடைக் கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்த கணக்கு ஆசிரியர் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

பரீட்சை ஹாலுக்கு வருவோம். 10 மணிக்கு மணி அடிக்கும். கேள்வித்தாளை வாசிக்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம், அப்புறம் மூன்று மணி நேரம். மற்றவர்கள் நெடுவினாவைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்கு ஓடுகிற அந்தப் பத்து நிமிடத்தில் இவன் முதல் பக்கத்துக் குறிப்பை ரசித்துப் படிப்பான். எழுத நீலம் அல்லது கருப்பு மை, படம் வரையப் பென்சில் என்று அதில் அச்சடித்திருக்கிறது. அவன் வீட்டில், தெருவில், உறவில் யாரும் கொடுக்காத அனுமதி! அரசாங்கமே கொடுத்திருக்கிறது.

கணக்கு அவனுக்குப் பிரியமான பாடம். முழுக் கணக்கும் அல்ல, வடிவியல் 8 மதிப்பெண்ணும் வரைபடம் 8 மதிப்பெண்ணும். தொடுகோடு வரைந்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். சமூக அறிவியலில் இந்திய வரைபடத்தைக் கொடுத்தால் கேட்ட இடங்களைக் குறித்துவிட்டு வங்காள விரிகுடாவில் அலையும் போடுவான். அதிலே ஒரு படகு. படகுக்குக் கேள்வித்தாளில் இடமில்லை என்று சொன்னால், "கடல் காலியா இருந்துச்சுங்க சார்" என்பான்.

கதையே அறிவியலில்தான். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அட்டை என்று ஒரு பிராணி இருக்கிறது. அதன் உடம்பில் 33 கண்டங்கள். அரையாண்டில் அட்டைக்குப் படம் கேட்டுவிட்டார்கள். உலகத்தில் எந்த மாணவனும் ஒரு நெளி, நாலு கோடு, இரண்டு முனையிலும் ஒட்டுறிஞ்சி என்று இரண்டு நிமிடத்தில் அட்டையை அனுப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவான். இவன் எண்ணி 33 கண்டம் போட்டான். ஒவ்வொரு கண்டத்துக்குள்ளும் வளையம் இருக்கிறதே என்று அதையும் போட்டான். அமராவதி வாய்க்கால் ஓரத்துப் பையன். ஈரமான உடம்பில் வெளிச்சம் எங்கே பளபளக்கும் என்று அவனுக்குத் தெரியும். முதுகு ஆலிவ் பச்சை. கையில் இருப்பதோ கருப்புப் பென்சில். பென்சிலிலேயே பச்சை தெரிகிறதா என்று விடைத்தாளைக் கை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்ததில் கண்காணிப்பாளர் வேறு வந்து விசாரித்துவிட்டுப் போனார். அட்டை முடிந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். திருத்திய ஆசிரியர் படத்துக்குப் பக்கத்தில் "அருமை" என்று சிவப்பு மையில் எழுதி 2 மதிப்பெண் போட்டார். அதற்கடுத்த நாலு பக்கம் வெள்ளை. அருமைக்கு மதிப்பெண் கிடையாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வகுப்பில் பாதிப் பேர் செய்முறைத் தேர்வில் 25-க்கு 25 வாங்கக் காரணமே இவன்தான். அத்தனை ரெக்கார்டு நோட்டிலும் பூவின் நீள்வெட்டுத் தோற்றம் இவன் கைவண்ணம். ஒரு படத்துக்கு ஒரு முட்டை பப்ஸ் என்று பேச்சு. சொந்த ரெக்கார்டு நோட்டு கடைசி ராத்திரிதான் ஞாபகம் வரும். அதில் இருக்கிற பூ, வாடின பூ.

அப்பா திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரி ஊருக்கு வருவார், ஞாயிறு ராத்திரி கிளம்புவார். ஆகவே குடும்ப விசாரணைக் கமிஷன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடும். சாட்சி அம்மா. வீட்டுக்கு வரும் கட்டுகளைப் பிரித்துப் பிசிறு வெட்டிக்கொண்டே சாட்சி சொல்லுவார். மற்ற நாளில் அந்த அம்மாவே மாடல். ஓவியர் இளையராஜாவின் படங்களை அவன் செல்லில் பார்த்துப் பார்த்து மயங்கினவன். கும்பகோணத்தில் படித்து, கிராமத்துப் பெண்களையும் அவர்கள் மேல் விழுகிற ஜன்னல் வெயிலையும் எண்ணெய் வண்ணத்தில் பிடித்து வைத்த மனிதர், 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். பையன் அம்மாவை ஜன்னலோரம் உட்காரச் சொல்லி, "அப்படியே தலையைக் குனியாத இரும்மா" என்பான். "தலையக் குனியாத பிசிறு எப்படிடா வெட்டறது? சாயங்காலம் கட்டு எடுக்க வந்துருவாங்க" என்று அம்மா கத்தரியை ஆட்டுவார். அந்தக் கத்தரியும் கையும்தான் படத்தில் நன்றாக வந்திருக்கும்.

"ஏண்டா, படம் போட்டு எவன் பொழச்சான்?" இது அப்பாவின் முதல் கேள்வி.

பையனிடம் பதில் தயார். "ஆர்.கே. லட்சுமணனையே பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில சேத்துக்கலீங்கப்பா. அப்புறம் அவரு எவ்வளவு பெரிய கார்ட்டூனிஸ்ட் ஆனாரு!"

"அவரையே சேத்துக்கலீன்னா உன்னய எவன்டா சேத்துக்குவான்?"

பையன் விடவில்லை. "நாமக்கல் கவிஞரு படம் வரைஞ்சு சம்பாதிச்சவருதான். கோட்டையில பத்து மாடிக் கட்டடத்துக்கு அவரு பேரு வெச்சிருக்காங்க."

"அது பாட்டுக்கு வெச்ச பேரு. படத்துக்கு வெச்சதா?"

ஞாயிற்றுக்கிழமை அப்பாக்களை வாதத்தில் ஜெயிக்க முடியாது. ஆறு நாள் ஓவர்லாக் சத்தத்தில் யோசித்து வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

புத்தி வரட்டும் என்று காலாண்டு லீவில் அவனைத் திருப்பூரில் மாமனின் பிரிண்டிங் பட்டறைக்கு அனுப்பிவைத்தார்கள். பூனையைத் திருத்த மீன் மார்க்கெட்டுக்கு அனுப்பின கதை. நீளமான மேஜைகள், அதன் மேல் வெட்டின துணி பீஸ் வரிசையாக ஒட்டியிருக்கும், ஆட்கள் ஸ்க்ரீனை ஒவ்வொரு பீஸாக வைத்து, ரப்பர் கட்டையால் சாயத்தை இழுத்துக்கொண்டே நடப்பார்கள். ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன். நாலு கலர் டைனோசர் என்றால் நாலு தடவை நடக்க வேண்டும். முதல் நடையில் மேஜை முழுக்கப் பச்சைத் திட்டு, இரண்டாவதில் வயிறு, மூன்றாவதில் பல், கடைசியில் கருப்பு அவுட்லைன் விழுந்ததும் ஒரே நேரத்தில் நூறு டைனோசர் கண்ணைத் திறக்கும். பையன் சாப்பிடக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றான். நூலிழை விலகினால் டைனோசருக்கு மூக்கு கன்னத்துக்குப் போய்விடும் என்பதும், ஒரு கலரைக் குறைத்தால் ஒரு ஸ்க்ரீன் மிச்சம் என்பதும் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாமல் அவனுக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, இந்தக் கரடி சிரிக்கறாப்புல இல்லீங்க. பல்லு வலிக்கறாப்புல இருக்குதுங்க."

மாமன் பதறிப்போனார். "அட சும்மா இர்றா! பையர் அப்ரூவல் குடுத்தாச்சு. அப்ரூவல் ஆயிருச்சுன்னா அது சிரிக்கற கரடிதான்."

வெளிநாட்டுப் பிள்ளைகளின் நெஞ்சில் எல்லாம் பூவும் கரடியும் அச்சடித்து அனுப்பிப் பிழைக்கிற சீமை இது. அந்தக் கரடியை எவனோ ஒருவன் முதலில் பென்சிலால் வரைந்துதானே ஆக வேண்டும்? அந்த எவனோ ஒருவன் நம் வீட்டுப் பையனாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்பதில் நமக்கு அத்தனை கவனம். ஏற்றுமதியாளர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1997-லேயே திருப்பூரில் நிஃப்ட்-டீ என்று பின்னலாடை வடிவமைப்புக்குக் கல்லூரி தொடங்கிவிட்டார்கள். ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கரடியின் தோள்பட்டையைத் தைக்கிற அப்பாவுக்குத்தான் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த நெருக்கடி பதினொன்றாம் வகுப்பில் என்ன குரூப் என்பது. இதற்கு ஒறம்பரை மொத்தமும் கூடும். பெரியப்பா பயாலஜி என்பார். அட்டையை அப்படி வரைந்தவன் டாக்டராகாமல் போவானா என்பது அவர் கட்சி. சித்தி கம்ப்யூட்டர். தொழிற்பிரிவில் ஆடை வடிவமைப்பு இருக்கிறது என்று மாமன் மெல்ல ஆரம்பித்தால், "எம்பட பையனும் தையல் மெஷினுக்கா?" என்று அப்பா எழுந்துவிடுவார். டிராயிங் மாஸ்டர் ஆகலாமே என்று யாராவது சொன்னால் அதற்கும் அரசு தொழில்நுட்பத் தேர்வு எழுத வேண்டும். லோயர் ஒன்று, ஹையர் ஒன்று. பரீட்சைக்குப் பயந்து படத்துக்குள் ஒளிந்தால் அங்கேயும் ஹால் டிக்கெட் கேட்கிறார்கள்.

பையன் கடைசியாக மெட்ராஸ் ஓவியப் பள்ளியை எடுத்து வைத்தான். அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற வெள்ளைக்கார டாக்டர் 1850-ல் தொடங்கினது. இன்றைக்கு அதுதான் எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி. யாரும் அசையவில்லை. கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது, கோபுலு அங்கே படித்தவர்தான் என்றபோது, அதுவரை திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பாரு தலையைத் தூக்கினார்.

"எந்தக் கோபுலு? விகடன்ல தில்லானா மோகனாம்பாளுக்குப் படம் போட்டவனா?"

"ஆமாங்க அப்பாரு."

"அப்ப அது நல்ல பள்ளிக்கோடந்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அப்பாவால் மேலே பேச முடியவில்லை. அப்பாருவின் டிரங்குப் பெட்டியில் அந்தத் தொடர்கதையின் பைண்டு இன்னமும் இருக்கிறது. பையன் பென்சில் பிடிக்கப் பழகினதே அதைப் பார்த்துத்தான்.

கவின்கலைக் கல்லூரியில் இளங்கலை நான்கு வருஷம். பிளஸ் டூ தேர்ச்சி வேண்டும், அப்புறம் அவர்கள் முன்னால் உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். இரண்டாவது அவனுக்குப் பிரச்சினை இல்லை. முதலாவதற்கு முதலில் பத்தாவது தேற வேண்டும். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75-க்கு 20 எடுத்தாக வேண்டும். அட்டைக்கு 2 போக மிச்சம் 18.

ஆகவே கணியூர்ப் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சை முடிகிற வரைக்கும் பால் கேன், நம்பர் பிளேட், டிராக்டர் எதையும் அவன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகாதீர்கள். முடிந்த மறுநாள் தாராளமாகப் போங்கள், லீவில் சும்மாதான் இருப்பான். போகும்போது கையில் காசு கொண்டு போங்கள். 6பி பென்சிலும் நல்ல டிராயிங் பேப்பரும் வாங்க அவன் உடுமலைக்குப் பஸ் ஏறுகிறான். அங்கே கடைக்காரர்கள் "நல்லாயிரு சாமி"யை வாங்கிக்கொள்வதில்லை.