கல் வைத்துப் பழுத்த படம்

என் மச்சினி மாம்பழ ஜாம் போட்டு விற்க ஆரம்பித்ததில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பழம் வாங்குவது அவள், தோல் சீவுவது அவள், அடுப்படியில் நின்று கிண்டுவது அவள். பாட்டிலில் ஒட்டுகிற லேபிளுக்கு நிஜப் பழம் போலவே ஒரு மல்கோவா வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, யாரும் கேட்காமலே "அதை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது மட்டும்தான் நான்.

"போட்டோ எடுத்து ஒட்டுனா ஆச்சு. எதுக்கு மாமா வரையணும்?" என்றாள் அவள். எடுத்தும் பார்த்தோம். பளபளப்பாக இருக்கட்டும் என்று என் மனைவி பழத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தாள். படத்தில் மாம்பழம் தெரிந்தது, மாம்பழத்தில் எங்கள் வீட்டு டியூப் லைட் தெரிந்தது, டியூப் லைட்டுக்குக் கீழே பனியனோடு ஓர் உருவம் தெரிந்தது. ஜாம் பாட்டிலில் என்னைப் பார்க்க மச்சினி விரும்பவில்லை.

ஆகவே கணினியில் வரைய உட்கார்ந்தேன். போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். ஜிம்ப் இலவசம். எனக்குப் பிடித்த முதல் வசதியும் அதுதான். 1995-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு பேர் படிப்புக்கான ப்ராஜெக்டாக ஆரம்பித்த மென்பொருள் அது. இரண்டு பையன்கள் சேர்ந்து மென்பொருளையே எழுதியிருக்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு ஒரு பழம் வரைய முடியாதா என்று நினைத்தேன். அந்தப் பையன்கள் யாரும் எங்கள் வீட்டில் இல்லை.

உருவக்கோடு போடுவதற்குப் பாத் டூல் என்று ஒன்று உண்டு. புள்ளி வைத்து வளைவு இழுக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் இரு பக்கமும் கைப்பிடி முளைக்கும். இந்தப் பக்கத்தை நிமிர்த்தினால் அந்தப் பக்கம் கோணும். நான் வரைந்தது மல்கோவாவாக ஆரம்பித்து, நடுவில் பங்கனப்பள்ளியாகி, கடைசியில் கிளிமூக்கில் வந்து நின்றது. அப்புறம் லேயர். போட்டோஷாப்பில் 1994-இல்தான் இந்த வசதி வந்ததாம். அதற்கு முன்னால் வரைந்தவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நிறம் ஒரு லேயர், நிழல் ஒரு லேயர், பளபளப்பு ஒரு லேயர், காம்பு ஒரு லேயர் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். எந்த லேயரில் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டு வரைவது புத்திசாலிகளின் வழக்கம். நான் ஒரு சாயங்காலம் முழுக்கப் பளபளப்பைக் காம்பு லேயரில் தீட்டியிருக்கிறேன். காம்பைக் கொஞ்சம் நகர்த்தினேன். வெளிச்சம் மொத்தமும் காம்போடு கிளம்பிப் போய்விட்டது.

பார்த்து வரைய மேசையில் ஒரு பழம் வேண்டும் அல்லவா? பிரான்ஸில் செசான் என்ற ஓவியர் வரைந்து முடிப்பதற்குள் பழம் அழுகிவிடுமாம், அவ்வளவு நிதானம். எங்கள் வீட்டில் அழுகுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையில் மேசையில் வைத்த பழம் மத்தியானம் கொட்டையாகக் கிடந்தது. பையனைக் கேட்டேன். "மாடல்னு அதுமேல எழுதியா இருந்துச்சு?" என்றான்.

எப்படியோ ஒரு பழம் தேறியது. இடது மேல்மூலையிலிருந்து வெளிச்சம், எதிர்ப்பக்கம் நிழல், நிழலின் ஓரத்தில் மேசையிலிருந்து எகிறி வருகிற மெல்லிய ஒளி. பழம் தரையைத் தொடுகிற இடத்தில் நிழல் நல்ல கறுப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அந்தரத்தில் மிதக்கும் என்பதைக்கூடக் கற்றுக்கொண்டேன். கிரேடியன்ட் டூலால் மஞ்சளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழவழவென்று இழுத்துவிட்டு, மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மாமியார் சேலத்துக்காரர். கூடைக்குள் கையை விட்டே பழம் எந்த ஜாதி என்று சொல்லிவிடுவார். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"கல்லு வச்சுப் பழுத்தது மாப்பிள்ளை."

"அத்தை, இது நான் வரைஞ்சது."

"யார் வரைஞ்சா என்ன? கல்லு வச்சதுதான்."

யோசித்தால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மரத்துப் பழம் ஒரே சீராக மஞ்சளாவதில்லை. மல்கோவா நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையை முழுக்க விடாது. கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் கிளம்புகிற அசெட்டிலீன்தான் தோலை மட்டும் ஒரே மஞ்சளாக ஆக்கிவிட்டு உள்ளே புளிப்பை அப்படியே விட்டுவைக்கும். என் கிரேடியன்ட் டூலும் செய்தது அதைத்தான். அந்தக் கல்லை வைத்துப் பழுக்க வைப்பதற்கு 2011-ஆம் வருட உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது. படத்துக்கு அது பொருந்துமா என்று யாரையும் கேட்கவில்லை.

ஆக, நிஜம் என்பது குறையில் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அமெரிக்க வேளாண்துறை 1886 முதல் பல வருடம் ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்துப் பழங்களை நீர்வண்ணத்தில் வரைய வைத்திருக்கிறது. சுமார் 7,500 படங்கள். டெபோரா கிரிஸ்காம் பாஸ்மோர் என்ற அம்மையார் மட்டுமே 1,500-க்கு மேல் வரைந்தார். பூச்சி அரித்தது, அழுகியது எல்லாம் அந்தத் தொகுப்பில் உண்டு. அரசாங்கமே சொத்தைப் பழம் வரையச் சம்பளம் கொடுத்திருக்கும்போது நான் எந்த மூலை?

முதலில் தோலில் இருக்கிற வெளிர் புள்ளிகள். பழம் மூச்சு விடுகிற துளைகள் அவை. உருண்டைப் பரப்பில் ஓரத்துக்குப் போகப் போகப் புள்ளிகள் நசுங்கி நெருங்க வேண்டும். நான் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தூவிவிட்டேன். மாமியார் பார்த்துவிட்டு, "அம்மை போட்டிருக்கு. ரெண்டு வேப்பிலை வரைஞ்சு வைங்க" என்றார்.

அதையும் சரிசெய்து, காம்போரம் பச்சை ஏற்றி, காம்பு கிள்ளும்போது பால் வடிந்து தோல் கருகுமே, அந்தக் கறையை மட்டும் பொறுமையாக, ஒரு வழிசலாக, நுனியில் கொஞ்சம் பழுப்பாகத் தீட்டினேன். தீட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் மனைவி ஈரத்துணியோடு மானிட்டரை அழுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏங்க, என்னத்தைக் கொட்டி வச்சீங்க? போகவே மாட்டேங்குது."

கிரேக்க நாட்டில் சூக்சிஸ் என்ற ஓவியர் திராட்சை வரைந்தபோது நிஜம் என்று நம்பிப் பறவைகள் கொத்த வந்தன என்று பிளினி என்ற ரோமானியர் எழுதிவைத்திருக்கிறார். எனக்குத் துடைக்க ஆள் வந்துவிட்டது. இந்த ஒப்பீட்டை மனைவியிடம் சொன்னேன். "அப்ப நான் காக்காயா?" என்று கேட்டாள். அன்று ராத்திரி சாப்பாடு தயிர்சாதத்தோடு முடிந்தது.

மச்சினிக்குப் படம் ரொம்பப் பிடித்திருந்தது. "சூப்பர் மாமா! அந்தக் கறையையும் புள்ளியையும் மட்டும் எடுத்துட்டு, முழுசா மஞ்சளாக்கிக் குடுத்துடுங்க" என்றாள். கல் வைக்கச் சொல்கிறாள். வைத்தேன். அச்சகத்தில் அதுவும் தேறவில்லை. திரை சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. காகிதத்தில் நாலு மைதான். திரையில் தகதகத்த ஆரஞ்சு, காகிதத்தில் சோர்ந்து படுத்துவிட்டது. "சார், ஸ்க்ரீன்ல லைட் எரியுது. பேப்பர்ல எது எரியும்?" என்றார் அச்சகக்காரர்.

கடைசியில் மச்சினி தன் அம்மாவின் பட்டுப்புடவையிலிருந்து மாங்காய் பார்டரை எடுத்து, ஒரே ஒரு மாங்காயை லேபிளில் போட்டுவிட்டாள். வெளிச்சம் இல்லை, நிழல் இல்லை, புள்ளி இல்லை, காம்புகூட இல்லை. கடைக்காரர் பாட்டிலைக் கையில் எடுத்ததுமே, "மாம்பழ ஜாமா?" என்றாராம்.

அடுத்த சீசனுக்குப் பலாப்பழ ஜாம் போடப் போகிறாள். பலாவில் முள்ளுக்கு ஒரு பூ என்று கணக்கு. எல்லாப் பூவும் கூடித்தான் ஒரு பழம். அத்தனை முள்ளுக்கும் தனித்தனியாக வெளிச்சமும் நிழலும் வைக்க வேண்டும். இந்தத் தடவையும் யாரும் என்னைக் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஜவுளிக்கடையில் விசாரித்துவிட்டேன். பலாப்பழ பார்டர் கிடையாதாம்.