சூடு கண்ட பூனையும் சில கேள்விகளும்

வாசகி, ஹாரோ, லண்டன்: என் குழந்தை இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறாள். அவள் பிடிப்பது ரேடியேட்டரைத்தான்! வால்வை 2-ல் வைத்துவிட்டேன். போதும்தானே?

போதாது. வால்வில் இருக்கும் எண் அறைக்கான கணக்கு, ரேடியேட்டருக்கானது அல்ல. அறை சூடேறும்வரை பாய்லர் அனுப்பும் நீர் முழுச் சூட்டோடுதான் உள்ளே ஓடும். பல வீடுகளில் அது 70, 80 டிகிரி செல்சியஸ். பிரிட்டன் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் கைபடும் இடத்திலுள்ள ரேடியேட்டரின் மேற்பரப்பு 43 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். உங்கள் வீட்டுச் செல்லத்துக்கு மட்டும் 75 டிகிரியா?

கை வைக்க வேண்டிய இடம் பாய்லர். தொட்டி இல்லாத காம்பி பாய்லர் என்றால் ரேடியேட்டர் படம் போட்ட குமிழைத் திருகி 60-க்கோ அதற்குக் கீழோ கொண்டுவாருங்கள். கண்டென்சிங் பாய்லராக இருந்தால் எரிவாயுச் செலவும் குறையும். வெந்நீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடானால் பொறியாளரைக் கேட்காமல் குறைக்காதீர்கள். தொட்டி நீர் 60 டிகிரிக்குக் கீழே போனால் லெஜியோனெல்லா கிருமி குடியேறலாம். 60 டிகிரியும் பிஞ்சுக் கைக்குச் சூடுதான். ஆகவே தடுப்பும் வேண்டும்.

வாசகி, ஈஸ்ட் ஹாம்: ரேடியேட்டருக்குக் கவர் போட்டால் சூடே வராது என்கிறார் என் கணவர்...

பாதி சரி. கொஞ்சம் குறையும். அடியிலும் மேலும் காற்று போய்வர வழியுள்ள கவராக வாங்குங்கள். அதைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். குழந்தைக்கு அது ஏணி! வால்வும் கவருக்குள் மாட்டிக்கொண்டால் உள்ளிருக்கும் சூட்டையே அறைச் சூடு என்று நம்பி முன்கூட்டியே மூடிக்கொள்ளும். அப்போது கணவர் சொன்னது முழுக்கச் சரியாகிவிடும்.

வாசகர், குரோய்டன்: 'சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது' என்பார்கள். எங்கள் பூனை ரேடியேட்டரை விட்டு நகர மறுக்கிறதே?

பழமொழி சொன்னவர் லண்டன் ஜனவரியைப் பார்த்ததில்லை. ரேடியேட்டரில் கொக்கி போட்டு மாட்டும் பூனைப் படுக்கை விற்கிறார்கள், வாங்கிக் கொடுங்கள். வயதான பூனை என்றால் கவனம். நாள்தோறும் ஒரே பக்கத்தைச் சூட்டில் வைத்துப் படுத்தால் தோலில் வலைபோல் தழும்பு விழும். எழுந்து போக வேறொரு குளிர்ந்த அறைக் கதவு திறந்தே இருக்கட்டும்.

வாசகர், குயின்ஸ், நியூயார்க்: பழைய கட்டடம். ரேடியேட்டர் 'உஸ்' என்று சீறுகிறது. வால்வைப் பாதி மூடலாமா?

கூடாது. உங்களுடையது நீராவி ரேடியேட்டர். ஒற்றைக் குழாயாக இருந்தால் வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், இல்லையேல் முழுதாக மூடியிருக்க வேண்டும். பாதி மூடினால் தண்ணீர் திரும்ப வழியில்லாமல் குழாய் தடதடக்கும். ஏறத்தாழ 100 டிகிரி நீராவியின் சூட்டைக் குறைக்கவும் வழியில்லை. தடுப்புப் போடுங்கள், தொட்டிலைத் தள்ளி வையுங்கள். சீறும் அந்தக் காற்று வால்வை நீங்கள் கழற்ற வேண்டாம். அது வீட்டுக்காரரின் வேலை.

வாசகி, லெஸ்டர்: சுட்டுவிட்டால் பற்பசை தடவலாமா?

பற்பசை பல்லுக்கு. ஐஸும் வெண்ணெயும்கூட வேண்டாம். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பிறகு உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். சுட்டுக்கொண்டது குழந்தை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிரிட்டனில் ஆலோசனைக்கு 111, அவசரத்துக்கு 999.