அச்சாரம் கொடுக்கும் மாடு

மாட்டுச் சந்தையில்கூட அச்சாரத்தை வாங்குகிறவன்தான் கொடுப்பான். தரகர் துண்டைப் போர்த்திக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். எல்லாம் திகைந்தபிறகு வாங்குகிறவன் மடியை அவிழ்ப்பான். மாடு எதையும் கொடுக்க வேண்டியதில்லை. 1999இல் மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்து நிலையம் வந்ததும், பழங்காநத்தத்தில் நின்றுகொண்டிருந்த தென்மாவட்டத்து பஸ்களெல்லாம் அங்கே போய்விட்டன. பதிலுக்கு அங்கே கூடிய மாட்டுச் சந்தை எங்கள் பழங்காநத்தத்துக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எங்கள் தெருக்களுக்குள் அது கூடுகிறது. ஒரே ஒரு முன்னேற்றம்: இங்கே மாடுதான் அச்சாரம் கொடுக்க வேண்டும். அந்த அச்சாரத்துக்குப் பெயர் ஒரிஜினல் மார்க் ஷீட்.

எங்கள் தெருவில் சாஃப்ட்பால் ஆடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். பிட்சர். 43 அடி தூரத்தில் நின்று, கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்போரமாக அவள் விடுகிற பந்து, தாண்டிப் போன பிறகுதான் எதிரே நிற்பவளின் மட்டை அசையும். அவள் கிளவுஸ் பள்ளிக்கூடத்துடையது. கட்டைவிரல் பக்கம் பிரிந்துபோய், ரவுண்டானா ஓரம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துக் கறுப்பு நூலால் தைத்தது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

இந்தப் பிள்ளை எந்தக் கல்லூரிக்கு எப்போது 'சரி' சொல்ல வேண்டும் என்பதில் எங்கள் தெருவே நிபுணர் குழுவாகிவிட்டது. கேட்ட அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், சீட்டு பறந்துவிடும் என்கிறார் டீக்கடைக்காரர். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேசக்கூடாது என்கிறார் பெரியப்பா. பள்ளிக்கூடத்து பி.டி. சாருக்கு ஒரு கல்லூரியில் சிநேகிதர் இருக்கிறார், அந்தச் சிநேகிதருக்கு ஒரு வாக்கு கொடுத்திருக்கிறார். விளையாட்டுக்காக இலவசச் சீட்டு தருகிறோம் என்று வந்த கல்லூரியோ செவ்வாய்க்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்கிறது. ஒலிம்பிக்காரர்கள் இந்த விளையாட்டை 1996இல் சேர்த்தார்கள், 2008க்குப் பிறகு தூக்கினார்கள், டோக்கியோவில் மறுபடி சேர்த்தார்கள், பாரிஸில் தூக்கினார்கள், 2028 லாஸ் ஏஞ்சலிஸில் மறுபடி சேர்க்கப்போகிறார்கள். உலகத்தையே கட்டி ஆளுகிற அந்தக் கமிட்டிக்கு முப்பது வருஷமாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு மட்டும் கெடு செவ்வாய்க்கிழமை.

ஏன் இந்த அவசரம் என்று யாராவது கேட்க வேண்டாமா? அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு வீரர்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள் ஆகியோருக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வுதான் முதலில் நடக்கும். பொதுக் கலந்தாய்வு அதற்குப் பிறகு. அந்த முதல் வரிசையில் இவள் போய் நின்றால் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் இடம் கிடைக்கக்கூடும். அங்கே வருஷக் கட்டணம் ஒரு நல்ல செருப்பு விலைக்கு மேல் பெரிதாகப் போகாது. அந்தத் தேதி வருவதற்குள் இவளுடைய ஒரிஜினல் வேறொரு கல்லூரியின் இரும்பு பீரோவுக்குள் போய்விட வேண்டும். கெடுவின் சூட்சுமம் அவ்வளவுதான்.

சரி, ஒன்பது பேர் ஆடும் இந்த விளையாட்டின் மீது கல்லூரிகளுக்கு என்ன திடீர்க் காதல்? கல்லூரிகளின் தரத்தை அளக்கிற நாக் குழு மதிப்பெண் போடும்போது, மாணவர்கள் பல்கலைக்கழக, மாநில, தேசிய அளவில் வாங்கிய விளையாட்டுப் பதக்கங்களை எண்ணிக் கேட்கிறது. பதக்கத்தைத்தான் எண்ணுகிறது, அதற்காக எத்தனை அணிகளோடு மோதினீர்கள் என்று கேட்பதில்லை. கபடியில் பதக்கம் வாங்க ஊரையே ஜெயிக்க வேண்டும். சாஃப்ட்பாலில் களத்துக்கு வருகிற அணிகளே கொஞ்சம். நல்ல பிட்சர் ஒருத்தி கிடைத்தால் பாதிக் கோப்பை கைக்கு வந்த மாதிரி. இவ்வளவு மலிவாக மூன்று வருஷத்துக்குப் பதக்கம் வேறெங்கே கிடைக்கும்?

வந்தவர்கள் ஆப்பிள் பையோடுதான் வந்தார்கள். ஃபிசிகல் டைரக்டர் ஒருவர், டிரஸ்ட் ஆபீஸிலிருந்து ஒருவர். "பாப்பா, முட்டியில அடி கிடி பட்டுருக்கா? எங்க, உக்காந்து எந்திரி" என்றார் டைரக்டர். பாப்பா உட்கார்ந்து எழுந்தாள். "தோள்பட்ட வலி இருக்கா?" இல்லை என்றாள். என்ன பாடம் படிக்க ஆசை என்று மட்டும் கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

"அண்ணே, எல்லாம் ஃப்ரீ. எங்க பிள்ள மாதிரிப் பாத்துக்குவோம். நாளைக்கே ரயில்வே வேல, போலீஸ் வேல."

இந்த 'எல்லாம்' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். டியூஷன் ஃபீஸ் இல்லை. பரீட்சை ஃபீஸ் உண்டு, வளர்ச்சி நிதி உண்டு, ஹாஸ்டல் 'பேசிக்கலாம்', மெஸ் 'பாத்துக்கலாம்'. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கியில் விழுகிறது அல்லவா, அதிலும் இவர்களுக்குக் கண். "அதான் கவருமெண்டு ஆயிரம் குடுக்குதே, மெஸ்ஸுக்கு ஆச்சு" என்றார் டிரஸ்ட்காரர். அரசாங்கம் பிள்ளைக்குக் கொடுப்பதையும் தங்கள் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்கிற பெருந்தன்மை இது.

இரண்டாம் வருஷம் வரும். செமஸ்டர் நேரத்தில் டோர்னமென்ட் வரும். ஆன் டியூட்டி போடச் சொன்னால், விளையாடப் போனது யார் தப்பு என்பார் துறைத் தலைவர். 75 சதவீத வருகை இல்லை என்று அபராதம் கட்டச் சொல்வார்கள். அரியர் விழும். மூன்றாம் பேஸுக்குச் சறுக்கும்போது முழங்கால் ஜவ்வு கிழியும். பெரியாஸ்பத்திரி ஓ.பி.யில் அம்மா வரிசையில் நிற்பாள். டைரக்டர் போனை எடுக்கமாட்டார். அடுத்த மாதம் ஹாஸ்டல் ஆபீஸிலிருந்து சீட்டு வரும்: இந்த வருஷம் நீ ஆடவில்லை, ஆகவே ஃபீஸ் கட்டு. கட்ட முடியாது, வேறெங்காவது போய்ப் படித்துக்கொள்கிறேன் என்றால், மூன்று வருஷ ஃபீஸையும் வைத்துவிட்டு டி.சி.யை வாங்கிக்கொண்டு போ என்பார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குக் கல்லூரி சொல்கிற கதை இதுதான். ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அவள் கோப்பையைத் தூக்கி நிற்கிற படம் மட்டும் கல்லூரி வாசல் ஃப்ளெக்ஸில் அப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவிக்கை விட்டிருக்கிறது: எந்தக் கல்லூரியும் மாணவரின் ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக்கூடாது, சரிபார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் சிறு பரிசீலனைக் கட்டணம் போகக் கட்டிய பணம் முழுவதையும் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அறிவிக்கை டெல்லியில் இருக்கிறது, ஒரிஜினல் பீரோவில் இருக்கிறது. முன்பணம் வாங்கியவனைக் கடனுக்காகப் பிடித்து வைத்து வேலை வாங்கினால் கொத்தடிமை முறை என்று 1976ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. இப்படிச் சிக்குகிற பிள்ளை முன்பணம் வாங்கவே இல்லை, கொடுத்திருக்கிறாள். கொடுத்தவளையே பிடித்து வைக்கிற முறைக்கு ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைத்துவிட்டோம். சட்டம் பிறகென்ன செய்யும்?

வருகிற டைரக்டர்கள் எல்லாரும் தவறாமல் ரேவதி வீரமணி கதையைச் சொல்கிறார்கள். சக்கிமங்கலத்துப் பெண், பெற்றோரை இழந்து பாட்டி வளர்த்தவர், வெறுங்காலோடு ஓடியவர், 2021இல் டோக்கியோவில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடியவர், ரயில்வேயில் வேலை. அத்தனையும் உண்மை, அத்தனையும் பெருமை. ஆனால் கதையில் பயிற்சியாளர் கண்ணனை மட்டும் நைசாக விட்டுவிடுகிறார்கள். பேத்தியை அனுப்பத் தயங்கிய பாட்டியிடம் போய்ப் பேசி, லேடி டோக் கல்லூரியிலும் அதன் விடுதியிலும் இடம் கிடைக்கச் செய்து, பிறகும் கூடவே இருந்து பயிற்சி கொடுத்தவர் அவர். முதலில் வாக்குக் கொடுத்தது அந்த மனிதர். பாட்டி சம்மதித்தது அதற்குப் பிறகு. ரேவதியின் பெயரைக் காட்டிச் சீட்டு விற்கிறவர்கள், கண்ணன் செய்ததில் கால்வாசியையாவது செய்வோம் என்று ஒரு தாளில் எழுதித் தரட்டுமே.

அமெரிக்காவிலும் இந்த வியாபாரம் உண்டு, இதைவிடப் பெரிய துண்டுக்கு அடியில். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கல்லூரிக் கோச்சுகள் வாய்வார்த்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அசிங்கம் தாங்காமல் 2018இல் விதி போட்டார்கள்: பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன்னால் சாஃப்ட்பால் கோச் பிள்ளையோடு சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது. 1964 முதல் அங்கே ஒரு தாளும் இருந்தது. வருகிறேன் என்று பிள்ளை கையெழுத்துப் போட்டால், குறைந்தது ஒரு வருஷத்துக்கு இவ்வளவு உதவித்தொகை தருகிறேன் என்று கல்லூரியும் எழுத்தில் தந்தாக வேண்டும். 2024இல் அந்தத் தாளைக் கைவிட்டார்கள். ஆனால் உதவித்தொகை ஒப்பந்தம் எழுத்தில்தான் நிற்கிறது. அவர்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை, பணம் கொழிக்கிற இடம். ஆனாலும் காகிதம் இரண்டு பக்கத்தையும் கட்டுகிறது.

எங்கள் ஆட்டோக்காரர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்தான். ஆனால் வண்டிக்கு ஃபைனான்ஸ் வாங்கி மாதத் தவணை கட்டுகிறவர். தாளின் அருமை தெரியும்.

"சார், ஒரே ஒரு லெட்டர் பேடுல எழுதிக் குடுத்துருங்க. மூணு வருசத்துக்கும் ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் கிடையாது. அடிபட்டு ஆட முடியாமப் போனாலும் படிப்பு நிக்காது. ஒரிஜினலப் பாத்துட்டு அன்னைக்கே குடுத்துருவோம். இத எழுதிச் சீல் வச்சுக் குடுத்தீகன்னா, நாளைக்கே பிள்ளையக் கூட்டிட்டு வாரேன். இல்லாட்டி கவருமெண்டு கவுன்சிலிங் முடியட்டும், பாப்போம்."

டைரக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னண்ணே, எங்க மேல நம்பிக்க இல்லையா?"

"நம்பிக்க இருக்கு சார். ஒங்களுக்கு எங்க மேல நம்பிக்க இருந்தா மார்க் ஷீட்ட எதுக்குக் கேக்குறீங்க?"

டிரஸ்ட்காரர் வாட்சைப் பார்த்தார். மேனேஜ்மென்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே டைரக்டர், கூட வந்திருந்த பி.டி. சாரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், பிளஸ் ஒன்ல யாராச்சும் நல்லாப் போடுதா?"