தென்காசிக்காரருக்கு எரிச்சல் மூட்டுவது எப்படி?

முதலில் போன் போடுங்கள். ஜூன் முதல் வாரம் உகந்த நேரம். ஒரு வருடமாகப் பேசாத ஆளாக இருந்தால் இன்னும் விசேஷம். சௌக்கியமா, பிள்ளைகள் எப்படி என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எடுத்த எடுப்பில் கேளுங்கள்: “என்ன, தண்ணி விழுதா?”

இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலை இந்தப் பக்கம் தள்ள வேண்டும். மலைக்கு மேலே மழை பெய்ய வேண்டும். கொஞ்சமாகப் பெய்தால் குற்றாலத்துப் பேரருவி பாறையை நனைத்துக்கொண்டு வழியும். கூடுதலாகப் பெய்தால் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும். போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிடுவார். ராத்திரி விழுந்த தண்ணி காலையில் இருக்காது. ஐந்தருவியில் குளிக்க விடும்போது பழைய குற்றாலத்தில் தடை இருக்கும். நான் மூச்சு வாங்க இத்தனையும் சொல்லி முடித்ததும் நீங்கள் கேட்க வேண்டியது: “அது கெடக்கட்டும், விழுதா விழலையா?”

2024 மே மாதம், சீசனே தொடங்காத நேரத்தில், பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அதிலிருந்து “விழுது” என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போனை வைக்க எனக்கு மனசு வருவதில்லை.

சரி, அடுத்த பாடம். தென்காசி என்று நான் சொன்னால், “ஓ, திருநெல்வேலியா” என்று திருத்துங்கள். 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமான சேதி உங்கள் காதுக்கு எட்டவில்லை என்பது முகத்தில் தெரிய வேண்டும். நான் மறுபடி அழுத்திச் சொன்னால், “குத்தாலம் பக்கமா? அப்படிச் சொல்லுங்க” என்று மலருங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதருக்குக் கோயில் எழுப்பிய ஊருக்கு, ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி விழுகிற தண்ணிதான் விலாசம். (சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது நானே “குத்தாலம் பக்கம்” என்றுதான் சொன்னேன். அதை இங்கே கிளற வேண்டாம்.) ஆங்கிலப் போர்டைப் பார்த்துக் “கோர்ட்டாலம்” என்று படிப்பவர்களுக்குத் தனி மார்க் உண்டு. கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தென்காசிக்குத்தான் வர வேண்டும்.

அருவியை “ஃபால்ஸ்” என்றால் லேசாக உறுத்தும். கொஞ்சம் படித்த உள்ளூர்க்காரராக இருந்தால் “நீர்வீழ்ச்சி” என்று சொல்லிப் பாருங்கள், ஆள் துடித்துவிடுவார். ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிளந்து, நீர் ஒரு பக்கம் வீழ்ச்சி ஒரு பக்கம் என்று ஒட்டவைத்த பண்டம் அது. எங்களுக்கு வீழ்ச்சி என்றால் தேங்காய் விலைக்கு வருவது. பேரருவி, சிற்றருவி, தேனருவி, புலியருவி என்று வாய் நிறையப் பெயர் இருக்கிறது. தேனருவியைத் “தேன் நீர்வீழ்ச்சி” என்று சொன்னால் டெண்டர் அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருக்கிறது. நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு, பேரருவியை “மெயினருவி” ஆக்கி வைத்திருக்கிறோம்.

குற்றாலத்துக்குத் “தென்னகத்தின் ஸ்பா” என்று ஒரு பட்டம் உண்டு. பெல்ஜியத்தில் ஸ்பா என்று ஒரு சின்ன ஊர்; அந்த ஊற்றுத் தண்ணியைக் குடிப்பதற்கென்றே ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் போய் வந்தார்கள். அது குடிக்கிற தண்ணி. இது மண்டையில் அடிக்கிற தண்ணி. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்கிற பாறைக்குழியில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான் பேரருவிக்கடியில் மனுசன் நிற்க முடிகிறது. ஸ்பா வேண்டாம் என்றால் “மூலிகைத் தண்ணி” இருக்கிறது. சோப்பு, ஷாம்பூவுக்குத் தடை என்று எழுதிய போர்டுக்குக் கீழேயே நின்று, “மூலிகைத் தண்ணி, உடம்புக்கு அம்புட்டு நல்லது” என்று சொல்லிக்கொண்டே ஷாம்பூ பாக்கெட்டைப் பல்லால் கிழியுங்கள்.

பத்திரிகைக்காரராக இருந்தால் நேரில் வரவே தேவையில்லை. குளுகுளு, களைகட்டியது, ஆர்ப்பரித்து, உற்சாகக் குளியல். இந்த நாலையும் எந்த வரிசையில் அடுக்கினாலும் செய்தி. தடை போட்டுவிட்டால் “ஏமாற்றத்துடன் திரும்பினர்”.

குளித்து முடித்துப் பிரானூர் போய்ப் பரோட்டா சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு, “பார்டர் தாண்டிக் கேரளாவுக்குள்ள போய்ச் சாப்பிட்டோம்” என்று ஸ்டேட்டஸ் போடுங்கள். அங்கே எல்லை இருந்தது வாஸ்தவம். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலம் அது. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை இந்தப் பக்கம் வந்துவிட்டது. எல்லை புளியரைக்கு அப்பால் போய்விட்டது. “பார்டர்” என்ற பெயர் மட்டும் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டு, இப்போது எந்த எல்லைக்கும் சம்பந்தமில்லாத ஊர்களில்கூட “பார்டர் கடை” போர்டு தொங்குகிறது.

கடைசி ஆயுதம் எங்கள் பேச்சு. டீக்கடையில் நுழைந்ததும், “ஏலே அண்ணாச்சி, ஒரு டீ போடுலே” என்று முழங்குங்கள். சினிமாவில் இப்படித்தானே பேசுகிறார்கள்! இங்கே “லே” என்பது வயதில் சின்னவனுக்கு, இல்லையென்றால் கூடப் படித்தவனுக்கு. “வே” என்பது சம வயதுக்காரருக்கு. கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் நக்கல். “அண்ணாச்சி” என்று வாயைத் திறந்தால் பின்னாலேயே “வாங்க, போடுங்க” வந்தாக வேண்டும். வீட்டுப் பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது “அவிய வந்தாவ, சொன்னாவ” என்போம். ஆக, “ஏலே அண்ணாச்சி” என்பது “டேய் சார்” என்பதற்குச் சமம். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்; சீசன் நேரத்தில் வியாபாரம் முக்கியம். உங்கள் டீ மட்டும் கடைசியாக வரும்.

இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று போன் வந்துவிட்டது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். காலை நிலவரம்: பேரருவியில் சுமார். ஐந்தருவியில் நாலு கிளையில் விழுகிறது. பழைய குற்றாலம் பக்கம் போகாதீர்கள், தடை.